மகரந்தத் தூள்தான் பூவின் விந்தணுவா? பிளஸ் டூ பாடத்தில் ஒரு சந்தேகம்

திருவாரூர்_தென்றல்

மகன் பிளஸ் டூ படிக்கிறான். தாவரவியலுக்கு ஒரு புத்தகம், விலங்கியலுக்கு ஒரு புத்தகம், ஆசிரியர்களும் வேறு வேறு. இரண்டிலும் ஆரம்பத்திலேயே இனப்பெருக்கப் பாடம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்ததில் அவனுக்கு ஒரு குழப்பம். விந்தகத்தில் குன்றல் பகுப்பு (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு) நடந்தால் நேரே நாலு விந்தணு வருகிறது. பூவின் மகரந்தப்பையிலும் அதே குன்றல் பகுப்பு, அதே நாலு. அப்படியென்றால் மகரந்தத் தூள்தானே பூவின் விந்தணு? பிறகு ஏன் அது மறுபடியும் பிரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள்? பெண் பக்கமும் அப்படித்தான். விலங்கில் நாலில் ஒன்று முட்டை, சரி. பூவில், பின்னால் விதையாகிற சூலில் நாலில் ஒன்று மிஞ்சி, அதுவும் எட்டு உட்கருவாகிறதாம். எதற்கு இந்தச் சுற்று வழி? நான் படித்தது வணிகவியல். தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பழைய_கரும்பலகை

அம்மா, பையன் சரியான இடத்தில்தான் முட்டிக்கொண்டிருக்கிறான். இதைக் கேட்காமலேயே பாஸாகிப் போனவர்கள்தான் அதிகம். நான் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன், வருஷா வருஷம் விடைத்தாளில் "மகரந்தத் தூள் என்பது ஆண் பாலணு", அதாவது விந்தணு, என்று வரும். தப்பு. மகரந்தத் தூள் விந்தணு அல்ல. அது ஒரு ஆண் செடி. கண்ணுக்குத் தெரியாத அளவு குட்டி, அவ்வளவுதான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய கிணற்றுச் சுவரில் பெரணி முளைத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். இலையைத் திருப்பினால் அடியில் பழுப்புப் புள்ளிகள். அதில்தான் குன்றல் பகுப்பு நடக்கிறது. ஆனால் அங்கே உண்டாவது விந்தணுவும் இல்லை, முட்டையும் இல்லை. வித்து என்கிற ஸ்போர். அது ஈரமான இடத்தில் விழுந்து முளைத்து, சில மில்லிமீட்டர் அகலத்தில் இதய வடிவப் பச்சைத் தகடாக வளர்கிறது. பெயர் புரோதாலஸ். பெரணியின் சாயலே அதற்குக் கிடையாது. அதன் ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம் பாதிதான். அந்தத் தகடுதான் விந்தணுவையும் முட்டையையும் உண்டாக்குகிறது. ஏற்கெனவே பாதியாகிவிட்டதால் மறுபடி குன்றல் பகுப்பு வேண்டாம், எண்ணிக்கை மாறாத சாதாரணச் செல் பிரிவான மைட்டாசிஸ் போதும். விந்தணு மழைத்தண்ணீரில் நீந்திப் போய் முட்டையைச் சேர்ந்தால் அங்கிருந்து நமக்குத் தெரிந்த பெரணி முளைக்கும்.

ஆக, செடியில் குன்றல் பகுப்புக்கும் பாலணுவுக்கும் நடுவில் முழுசாக ஒரு தலைமுறை உட்கார்ந்திருக்கிறது. விலங்கில் அந்தத் தலைமுறையே கிடையாது. இதை 1851-ல் ஜெர்மனியில் ஹோஃப்மைஸ்டர் என்பவர் பாசி, பெரணி, ஊசியிலை மரம் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைத்துக் காட்டினார். முறையாகக் கல்லூரிப் படிப்பு இல்லாத மனிதர், புத்தகம், இசைத்தாள் விற்கிற குடும்பக் கடையைப் பார்த்துக்கொண்டே இந்த ஆராய்ச்சியைச் செய்தார். டார்வின் புத்தகம் வருவதற்கு எட்டு வருஷம் முன்னால்.

பூச்செடியில் அந்த நடுத் தலைமுறை சுருங்கிவிட்டது. ஆண் பக்கம் இரண்டு மூன்று செல். பெண் பக்கம் பொதுவாக ஏழு செல், எட்டு உட்கரு. பையன் கேட்கிற "மறுபடி பிரிதல்" எல்லாம் இந்தக் குட்டிச் செடியின் வளர்ச்சிதான். மகரந்தத் தூள் முதலில் இரண்டாகப் பிரியும். பெரிய செல் குழாயாக வளர்கிற வேலையைப் பார்க்கும். சின்னது உற்பத்தி செல். அது இன்னொரு தடவை பிரிந்தால் வருகிற இரண்டும்தான் உண்மையான விந்தணுக்கள். நெல்லிலும் கோதுமையிலும் இந்தக் கடைசிப் பிரிவு மகரந்தப்பைக்குள்ளேயே முடிந்துவிடும். தக்காளி, கத்தரி போன்றவற்றில் தூள் பூவின் பெண் உறுப்பின் நுனியான சூலகமுடியில் விழுந்து, குழாய் நீளும்போதுதான் நடக்கும். பூச்செடிகளில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த இரண்டாவது வகை. அதாவது, காற்றில் பறக்கும்போது அந்தத் தூளுக்குள் விந்தணு என்று ஒன்று இருக்கவே இருக்காது.

சும்மா_ஒருவன்

அப்போ காலையில் என் மூக்கில் ஏறி நாற்பது தும்மல் போடவைப்பது ஒரு முழு ஆண் செடியா? வாடகை கேட்கலாம் போலிருக்கிறதே.

சரி, ஒரு நிஜக் கேள்வி. தூள் ஒரு செடி என்றால் அதைத் தனியாக வளர்க்க முடியணுமே சார்?

பழைய_கரும்பலகை

முடியும், வளர்த்தும் காட்டியாயிற்று. நம் நாட்டிலேயே. 1964-ல் டில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் சதீஷ் மகேஸ்வரியும் ஊமத்தைப் பூவின் மகரந்தப்பையை வளர்ப்பு ஊடகத்தில் வைத்தார்கள். உள்ளே இருந்து கருக்கள் கிளம்பி, நாற்றாக நின்றன. ஊமத்தைக்கு 24 குரோமோசோம், இந்த நாற்றுகளுக்கு 12. உலகமெங்கும் இன்று பயிர் ரகம் உருவாக்குகிறவர்கள் இந்த வழியைக் கையாளுகிறார்கள். பாதிக் குரோமோசோம் செடியைக் கால்ச்சிசின் என்ற ரசாயனம் போட்டு இரட்டிப்பாக்கினால், குணம் மாறாமல் விதைக்கு விதை ஒரே மாதிரி வருகிற தூய வழி ஒரே அடியில் கிடைத்துவிடும். வருஷக்கணக்கில் தன்மகரந்தச் சேர்க்கை செய்துகொண்டிருக்க வேண்டாம்.

ஆய்வகத்து_ஆந்தை

நான் மனிதப் பக்கத்திலிருந்து வருகிறேன். கருத்தரிப்பு மையம் ஒன்றில் எம்பிரியாலஜிஸ்ட் வேலை. புத்தகத்தில் "நாலில் ஒன்று முட்டை" என்று ஒரு வரியில் போய்விடுகிறது, ஆனால் என் வேலையே அந்த ஒரு வரிதான்.

எடுத்து வந்த முட்டையைச் சுற்றிக் குமுலஸ் செல்கள் அப்பிக்கொண்டிருக்கும். ஹயலூரோனிடேஸ் என்ற நொதியில் சில விநாடி காட்டி, மெல்லிய கண்ணாடிக் குழலில் மேலும் கீழும் இழுத்து அவற்றைக் கழற்றுவோம். பிறகு நுண்ணோக்கியில் தேடுவது ஒரே ஒரு சங்கதியை: முட்டைக்கும் அதன் வெளி உறைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் சின்னதாக ஒரு உருண்டை தெரிகிறதா? அதுதான் முதல் துருவச் செல், முட்டை பிரியும்போது ஒதுக்கித் தள்ளுகிற சின்னச் செல். தெரிந்தால் குன்றல் பகுப்பின் முதல் பாதி முடிந்தது, முட்டை தயார். உருண்டை இல்லாமல் முட்டைக்குள் பெரிய வட்ட உட்கரு தெரிந்தால், அது இன்னும் முதல் கட்டத்திலேயே நிற்கிறது என்று அர்த்தம்.

விந்தணுவை ஊசியால் செலுத்தும் இக்ஸி முறையில், துருவச் செல் கடிகாரத்தின் 12 அல்லது 6 மணி இடத்தில் நிற்கும்படி முட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, 3 மணிப் பக்கத்திலிருந்து ஊசியைக் கொண்டுபோவோம். துருவச் செல்லை ஒட்டித்தான் குரோமோசோம்கள் வரிசை கட்டி நிற்கும், ஊசி அதில் படக்கூடாது. மறுநாள் காலை, 16 முதல் 18 மணி நேரத்தில், உள்ளே இரண்டு முன் உட்கருக்களும் (விந்தணுவுடையது ஒன்று, முட்டையுடையது ஒன்று) இடுக்கில் இரண்டாவது துருவச் செல்லும் தெரிந்தால் கருவுற்றிருக்கிறது. மனித முட்டை தன் குன்றல் பகுப்பை முடிப்பதே விந்தணு உள்ளே வந்த பிறகுதான். முடிக்காத கணக்கோடு உட்கார்ந்திருக்கிற செல் அது.

இன்னொன்று. "மூன்று துருவச் செல்" என்று படம் போடுகிறார்கள். பல நேரம் முதல் துருவச் செல் இரண்டாகப் பிரிவதே இல்லை, சிதைந்துவிடும். நான் பார்ப்பது பெரும்பாலும் இரண்டைத்தான்.

ஏன் இந்த ஓரவஞ்சனைப் பிரிவு என்றால், பாகப்பிரிவினையில் வீடு, வயல், கிணறு எல்லாம் ஒருத்திக்கு எழுதிவிட்டு மற்றவர்களுக்குப் பத்திர நகல் மட்டும் கொடுப்பது போல. குரோமோசோம் சமமாகத்தான் போகிறது. சைட்டோபிளாசம், மைட்டோகாண்ட்ரியா, சேமிப்புப் புரதம் முழுவதும் ஒன்றுக்கே. கருவுக்கு முதல் சில நாள் சாப்பாடு அதிலிருந்துதான். விந்தணுவுக்கு இந்தக் கவலை கிடையாது. நாலும் பிழைக்கும், நாலும் வாலை முளைக்கவைத்துக்கொண்டு, சைட்டோபிளாசத்தை உதறிவிட்டுக் கிளம்பும்.

வடமராட்சிப்_பனை

நல்ல இழை. நாங்கள் குன்றல் பகுப்பை ஒடுக்கற்பிரிவு என்றும், பாலணுவைப் புணரி என்றும், குரோமோசோமை நிறமூர்த்தம் என்றும் படித்தோம், விஷயம் ஒன்றுதான்.

ஒரு வாட்ஸப் செய்தி சுத்துது: "நீங்கள் உருவான முட்டை உங்கள் அம்மம்மாவின் வயிற்றிலேயே இருந்தது." உண்மையோ? ஆந்தை அக்கா சொல்லுங்கோ.

ஆய்வகத்து_ஆந்தை

பெரும்பாலும் உண்மை, வாட்ஸப்பில் அபூர்வமாக நடப்பது. பெண் சிசு கருப்பையில் இருக்கும்போதே சூலகச் செல்கள் குன்றல் பகுப்பைத் தொடங்கி நடுவிலேயே நின்றுவிடுகின்றன. ஐந்தாம் மாத வாக்கில் 60, 70 லட்சம் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பருவமடையும்போது 3, 4 லட்சம். ஆயுள் முழுவதும் வெளிவருவது ஏறக்குறைய 400. மீதியெல்லாம் சத்தமில்லாமல் அழிந்துவிடும். ஆகவே உங்கள் அம்மா அம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோதே அந்தச் செல் இருந்தது. முழு முட்டையாக அல்ல, முதல்நிலை அண்ட செல்லாக.

அந்த நடுநிறுத்தம் 12 வருஷமும் இருக்கலாம், 45 வருஷமும் இருக்கலாம். அவ்வளவு காலம் ஜோடிக் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கிற கொஹீசின் என்ற புரதம் மெதுவாகத் தளர்கிறது. பிறகு பிரியும்போது ஒன்று கூடப் போகும், ஒன்று குறையும். தாயின் வயது கூடக் கூட டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு கூடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பிறந்த பிறகும் புது முட்டை உண்டாகலாம் என்று 2004-ல் எலியை வைத்து ஒரு ஆய்வு வந்து பெரிய சண்டையே நடந்தது. பெரும்பாலானவர்கள் இன்னும் ஏற்கவில்லை.

ஆண் பக்கம் கதையே வேறு. பருவமடைந்த பிறகுதான் குன்றல் பகுப்பு தொடங்கும், பிறகு நிற்பதில்லை. விந்துத் தாய்ச் செல் ஒன்று பிரிந்தால் அதில் ஒரு பங்கு தாய்ச் செல்லாகவே தங்கிவிடும், கைமுதல் தீர்வதில்லை. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். அதற்கு மேல் விந்தகத்தை ஒட்டிய எபிடிடைமிஸில் சில நாள் கிடந்தால்தான் நீந்தக் கற்கும்.

கால்நடை_சேலம்

காளைக்கு 61 நாள். இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும். காளைக்குக் கடுமையான காய்ச்சல் வந்து குணமாகிவிட்டது, தீவனம் எடுக்கிறது, பார்க்க ஜம்மென்று இருக்கிறது. ஆனால் சில வாரம் கழித்து விந்தில் உருக்குலைந்த அணுக்கள் அதிகமாக வரும். வளர்ப்பவர் நேற்று போட்ட ஊசியைக் குறை சொல்வார். காய்ச்சல் அடித்த நாளில் குன்றல் பகுப்பில் இருந்த செல்கள்தான் இன்று வெளியே வருகின்றன. விந்தகம் உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கணும், அதற்குத்தான் வெளியே தொங்குகிறது. யானைக்கும் பறவைக்கும் உள்ளேயே இருக்கிறதே என்று கேட்காதீர்கள், அவை எப்படியோ சமாளிக்கின்றன.

உறைவிந்துக் குச்சி ஒன்றில் கால் மில்லி, அதில் ஏறக்குறைய 2 கோடி அணு, மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனில். பசுவோ 21 நாளுக்கு ஒரு முட்டைதான் விடுகிறது. ஆண் பக்கம் எண்ணிக்கை, பெண் பக்கம் சேமிப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் கோழி முட்டை. கடையில் வாங்குவதில் மஞ்சள் கரு மட்டும்தான் முட்டைச் செல். வெள்ளையும் ஓடும் பின்னால் கருக்குழாயில் ஒரு நாள் பயணத்தில் சுற்றிக்கொண்டவை. பையனிடம் மஞ்சள் கருவின் மேலிருக்கிற வெளிறிய சின்னப் புள்ளியைக் காட்டுங்கள். குரோமோசோம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

எதிர்க்கட்சி

எல்லாம் சரி. ஆனால் செடி ஏன் இவ்வளவு சுற்றுகிறது? விலங்குதான் முன்னேறிய வழி, செடி பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறது என்றுதானே அர்த்தம்?

பழைய_கரும்பலகை

தம்பி, இந்த "முன்னேறிய" என்கிற வார்த்தையைத் தேர்விலும் எழுதாதீர்கள், இங்கேயும் வேண்டாம்.

பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் உடலில், கரு சில வாரம் ஆனதுமே, பாலணுவுக்கான செல்களைத் தனியாக ஒதுக்கிவிடுகிறது. கையில் தழும்பு வந்தாலும் தோல் செல்லில் மாற்றம் வந்தாலும் அது பிள்ளைக்குப் போகாது. 1880-களில் ஜெர்மன் உயிரியலாளர் வைஸ்மன் இதைத்தான் அழுத்திச் சொன்னார். செடி அப்படிச் செய்வதில்லை. மாமரக் கிளையின் நுனியில் இருக்கிற செல், இந்த வருஷம் இலை செய்யும், அடுத்த வருஷம் பூ செய்யும். பூ வந்த பிறகுதான் அதற்குள் யார் தாய்ச் செல் என்று முடிவாகிறது. அதனால் ஒரு கிளையில் வந்த மாற்றம் அந்தக் கிளையின் விதைக்குப் போக வழி உண்டு. நூறு வயது மரம் நூறு வருஷ அனுபவத்தை விதையில் போட முடியும், நல்லதும் கெட்டதும் சேர்த்து.

சுற்று வழியின் பலனும் சும்மா இல்லை. இரண்டு விந்தணு எதற்கு என்று யாரும் கேட்கவில்லையே! ஒன்று முட்டையோடு சேர்ந்து கரு. இன்னொன்று நடுவில் இருக்கிற இரண்டு துருவ உட்கருக்களோடு சேர்ந்து கருவூண், அதாவது கருவுக்கான சாப்பாடு. ரஷ்யாவில் நவாஷின் 1898-ல் லில்லிப் பூவில் கண்டுபிடித்த இரட்டைக் கருவுறுதல். நாம் தின்கிற அரிசியும் கோதுமையும் பெரும்பாலும் அந்த இரண்டாவது சேர்க்கைதான். தென்னையின் விந்தணுவில் 16 குரோமோசோம், மரத்தில் 32, தேங்காய்ப் பருப்பில் 48. இளநீரில் மிதப்பது செல்சுவர் கட்டிக்கொள்ளாத அந்த 48 குரோமோசோம் உட்கருக்கள்.

ஒரு கிளைக்கதை: நவாஷின் பார்த்த லில்லியே பாடப்புத்தகப் படத்துக்கு அடங்காத ஆள். அதில் சூலுக்குள் குன்றல் பகுப்பில் வருகிற நாலில் (பெருவித்து என்பார்கள்) மூன்று சாவதில்லை, நாலு உட்கருவும் உள்ளே தங்கிவிடும். கருவூண் ஐந்து மடங்கு. பையனைத் தேர்வு முடிகிறவரை லில்லிப் பக்கம் போகவிடாதீர்கள்.

சும்மா_ஒருவன்

நீந்துகிற விந்தணு பெரணியோடு முடிந்ததா சார்?

பழைய_கரும்பலகை

இல்லை. 1896-ல் ஜப்பானில் ஹிராசே கிங்கோ மரத்திலும், இக்கேனோ சைக்கஸிலும் பார்த்தார்கள். இரண்டும் விதை போடுகிற மரங்கள், ஆனாலும் மகரந்தக் குழாய் சூலுக்குள் கொண்டுவந்து விட்ட பிறகு விந்தணு கடைசித் தூரத்தை நீந்தித்தான் போகிறது. வீட்டு வாசலில் அழகுக்கு வைக்கிறார்களே, அதே சைக்கஸ்தான். அதன் உறவான சாமியாவின் விந்தணு கண்ணுக்கே புள்ளியாகத் தெரிகிற அளவு, அரை மில்லிமீட்டரை நெருங்கும். மனித விந்தணு வாலோடு சேர்த்து அதில் எட்டில் ஒரு பங்கு இருக்கும்.

பொன்னி_நாற்றங்கால்

படித்தவர்கள் பேசுகிற இடத்தில் ஒரு விவசாயி கேள்வி. போன சம்பாவில் பொதி கட்டுகிற சமயம் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் காய்ந்தது. அப்புறம் மழை பெய்து பயிர் எழுந்துவிட்டது, கதிரும் நன்றாகத்தான் வெளிவந்தது. அறுத்துப் பார்த்தால் பாதி பதர். பக்கத்து வயல் தூர் கட்டும்போது காய்ந்தது, அதில் இவ்வளவு பதர் இல்லை. இதற்கும் நீங்கள் பேசுவதற்கும் சம்பந்தம் உண்டா?

வயல்_ஆய்வு

அண்ணே, சம்பந்தம் நேரடியானது. நான் பயிர்ப்பெருக்கத்தில் ஆராய்ச்சி மாணவி. நெல்லின் மகரந்தப்பையில் குன்றல் பகுப்பு நடப்பது கதிர் உறைக்குள் இருக்கும்போதே. கதிர் வெளிவருவதற்கு ஏறக்குறைய 10, 12 நாள் முன்னால். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க அடையாளம் உண்டு: கதிருக்கு முன் கடைசியாக வருகிற கண்ணாடி இலையின் கழுத்தும் அதற்கு முந்தின இலையின் கழுத்தும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும். அந்தச் சில நாளில் காய்ந்தாலோ கடும் குளிர் அடித்தாலோ மகரந்தப்பைக்குச் சர்க்கரை போய்ச் சேர்வது கெடுகிறது. குன்றல் பகுப்பு முடிந்து வந்த குட்டித் தூள்கள் மாவைச் சேமிக்க முடியாமல் வெறுமையாகிவிடும். பின்னால் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அந்தத் தூள்கள் திரும்பி வராது. தூர் கட்டும் சமயத்தில் காய்ந்தால் தூர் குறையும், ஆனால் அப்போது பூவே உருவாகவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, கெடுவது பெரும்பாலும் ஆண் பக்கம்தான். அப்படிக் காய்ந்த கதிரில் வேறு வயலிலிருந்து நல்ல தூளைக் கொண்டுவந்து போட்டால் மணி பிடிக்கிறது. சூல் தாங்கிக்கொள்கிறது.

பொன்னி_நாற்றங்கால்

அறுக்கும் வரை காத்திருக்காமல் முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியுமாம்மா?

வயல்_ஆய்வு

முடியும். அடுத்த நாள் விரியப்போகிற பூக்களைச் சாயந்திரம் பறியுங்கள். ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தப்பை. இரண்டு மூன்றை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி, பொட்டாசியம் அயோடைடில் கரைத்த அயோடின் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் வைத்தால், மாவு நிறைந்த தூள் உருண்டையாகக் கருநீலமாகத் தெரியும். மலடானது சுருங்கி, மஞ்சளாக, உள்ளே காலியாக இருக்கும். தென்றல் அக்கா பையன் பள்ளி ஆய்வகத்திலேயே இதைச் செய்துவிடலாம். நெல் பூ காலையில் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும், அதற்குள் தூள் கொட்டிவிடும். அதனால் முந்தின நாளே பறித்துவிடச் சொல்லுங்கள்.

எதிர்க்கட்சி

கடைசியாக ஒன்று. ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து வருகிறது, குரோமோசோம் ஏற்கெனவே பாதி, 16 தான். பாதியை எப்படி மறுபடி பாதியாக்கும்? இதற்காவது பதில் உண்டா?

ஆய்வகத்து_ஆந்தை

ஆக்குவதே இல்லை. முதல் பிரிவைத் தொடங்கி, குரோமோசோமைப் பிரிக்காமல் வெறும் சைட்டோபிளாசத் துணுக்கு ஒன்றைக் கிள்ளி எறிந்துவிடும். இரண்டாவது பிரிவில் ஒரு பக்கம் பெரிதாக, ஒரு பக்கம் சின்னதாக வெட்டும், பெரியது மட்டும் விந்தணுவாகும். நாலுக்குப் பதில் ஒன்று, அதில் 16 குரோமோசோம் அப்படியே. குரோமோசோம் மாற்றிக் கலப்பதும் கிடையாது, அதனால் ஒரு ஆண் தேனீயின் விந்தணுக்கள் எல்லாம் ஒரே அச்சு. விலங்கிலும் பாலணு உண்டாகக் குன்றல் பகுப்பு கட்டாயமில்லை என்பதற்கு இதைப் பையனிடம் சொல்லுங்கள். பெரணித் தகட்டில் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான்.